ரைட் டைம் எந்த நாள்

பிறந்தநாளை மறந்துபோகிறவர்கள் இந்த உலகத்தில் எத்தனை பேர் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் கேக் கடையில் எழுத்து வேலைக்குப் போக வேண்டும். ‘ஹாப்பி பர்த்டே’க்கு முன்னால் ‘பிலேட்டட்’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்து எழுதச் சொல்லி தினமும் யாராவது தலையைச் சொறிந்துகொண்டு வந்து நிற்பார்கள். பெண்டாட்டி பிறந்தநாளைக் கோட்டைவிட்டவன், மேலதிகாரி பிறந்தநாளைக் கோட்டைவிட்ட ஆபீஸ், மாமியார் பிறந்தநாளை வேண்டுமென்றே கோட்டைவிட்டுவிட்டுப் பிறகு பயந்துபோன மருமகன். அந்தப் ‘பிலேட்டட்’டைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதக்கூடியவள் ஒருத்தி அந்தக் கடையின் பின்னறையில் இருந்தாள். கடையில் எல்லாரும் அவளை எழுத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

எழுத்தக்காவுக்கு வயது நாற்பத்தைந்தைத் தாண்டியிருந்தது. பட்டர் பேப்பரை முக்கோணமாக வெட்டி, கூம்பாகச் சுருட்டி, உருக்கின சாக்லேட்டை ஊற்றி, நுனியை லேசாகக் கத்தரித்தால் அதற்குப் பெயர் கோன். அதுதான் அவளுடைய பேனா. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷில் பாதி கிரீம் மேல் எழுதி எழுதிப் படித்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு ‘அர்லி அரைவல்’. அறுபது வரை பொறுக்க மாட்டாமல் வேலையை விடுகிறவருக்கு ‘அர்லி ரிட்டையர்மென்ட்’. அரியர் மேல் அரியர் வைத்து ஒருவழியாக டிகிரி வாங்கினவனுக்கு ‘ஃபைனலி’. கடைசி நேரத்தில் விசா கிடைத்தவனுக்கு ‘ஜஸ்ட் இன் டைம்’. இழுத்து இழுத்து வீடு கட்டி முடித்தவருக்கு ‘அட் லாங் லாஸ்ட்’. அர்த்தம் தெரியாவிட்டால் ஆர்டர் எடுக்கிற கவுன்டர் பெண்ணைக் கேட்டுக்கொள்வாள். நேரம் தவறுவதைச் சொல்ல இந்த இங்கிலீஷ்காரர்கள் இவ்வளவு வார்த்தை வைத்திருக்கிறார்களே, அவர்களும் நம்மைப் போலத்தான் போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொள்வாள்.

கடையில் எழுத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வாடிக்கையாளர் சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. ஒருதரம் ஒரு ஆள் வெறுமனே ‘ஸாரி, லேட்’ என்று மட்டும் எழுதச் சொன்னான். பார்க்க மொட்டையாக இருக்கிறதே என்று எழுத்தக்கா பக்கத்தில் ஒரு சின்ன இதயம் வரைந்து கொடுத்துவிட்டாள். இதெல்லாம் வரைகிற ஆளில்லையே என் புருஷன், யார் சொல்லிக் கொடுத்தது என்று பெண்டாட்டி பிடித்துக்கொண்டாள். சண்டை கேக் பெட்டியோடு கடைக்கே வந்து சேர்ந்தது. அன்றைக்கு முதலாளி சொன்னார்: “எழுதறது நம்ம வேலை, வார்த்தை அவங்களோடது. நடுவுல நீ நுழையாத.” அதற்குப் பிறகு அவள் நுழைந்ததில்லை.

இப்போது அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஒரு மத்தியான வேளையில் அண்ணன் கடைக்கு வந்தார். பஸ் டிப்போவின் டைம் கீப்பர் அவர். காக்கிச் சட்டையும் கழுத்தில் தொங்கும் விசிலுமாக கவுன்டரைத் தாண்டி நேராகப் பின்னறைக்கே வந்துவிட்டார். ஆர்டர் எடுக்கிற பெண்ணும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

“பாப்பா, கேக் ஆர்டர் குடுக்க வந்திருக்கேன். உன் கல்யாணத்துக்கு.”

பாப்பா என்றால் அவள்தான். காதோரம் நரைத்தாலும் அண்ணனுக்கு அவள் பாப்பா.

“நானே செஞ்சு எடுத்துட்டு வர்றேன்னு சொன்னேன்லண்ணா?”

“செய்யறது நீ செய். எழுத்து என்னோடது. அண்ணன் ஆசையா ஒரு வரி யோசிச்சு வெச்சிருக்கேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக்கில் அறிவிக்கிற குரலில் சொன்னார்: “ஃபைனலி! அட் தி லெவன்த் ஹவர்! எப்படி?”

‘ஃபைனலி’ அவளுக்குத் தெரியும். “அடுத்ததுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டாள்.

“இது தெரியாதா? கடைசி நிமிஷம்னு அர்த்தம். கதவைச் சாத்தப் போற நேரத்துல ஓடி வந்து காலை உள்ள விடறது. போன பஸ்ஸைத் துரத்திட்டுப் போய்த் தொத்திக்கறதில்லையா, அந்த மாதிரி. ஹால்ல எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாங்க, பாரேன்.”

“யாரைப் பாத்துச் சிரிப்பாங்க?”

“யாரைப் பாத்தா? ஜோக்கைப் பாத்துத்தான். நீ எப்பவுமே இப்படித்தான், ஒரு தமாஷ் தெரியாது உனக்கு.” ஆர்டர் பெண்ணின் பக்கம் திரும்பினார். “எழுதிக்கோம்மா. எழுத்து நல்லாப் பெருசா இருக்கணும். பின் வரிசைல உக்காந்திருக்கறவனுக்கும் தெரியணும். வேற யாரும் எழுத வேண்டாம், என் தங்கச்சியே எழுதட்டும். அவ கைக்கு ஈடு கிடையாது.”

ஆர்டர் பெண் எழுதிக்கொண்டாள். அண்ணன் அங்கிருந்த கேக் ஓரத்தில் ஒரு விரல் கிரீமை வழித்து வாயில் போட்டுக்கொண்டு, “டைம் ஆச்சு, வண்டி கிளப்பணும்” என்று போய்விட்டார். எழுத்தக்காவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் கையில் யாரோ ஒருவருடைய ‘பிலேட்டட்’ பாதியில் நின்றிருந்தது. அதை முதலில் முடித்தாள்.

அண்ணனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கெட்டவர் இல்லை. அம்மா போன பிறகு அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். காய்ச்சலில் கிடந்தபோது விடிய விடிய ஈரத் துணி மாற்றிப்போட்டவரும் அவர்தான். அதை அவள் ஒருநாளும் மறந்ததில்லை, அதனால்தான் இத்தனை வருஷம் வாயையும் திறக்கவில்லை. ஆனால் டிப்போவில் உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு உலகமே மூன்று வகையாகிவிட்டது. ஒன்று பிஃபோர் டைம், ஒன்று ரைட் டைம், மற்றது லேட் ரன்னிங். சாப்பாடு, விருந்தாளி, மழை, மாமனாரின் சாவு எல்லாவற்றையும் இந்த மூன்றில் ஒன்றில்தான் போடுவார். தமிழில் சொல்ல மாட்டார். இங்கிலீஷில் சொன்னால்தான் அது சட்டம் மாதிரி இருக்கும், யாரும் மேலே பேச மாட்டார்கள்.

முதன்முதலில் அவளைக் கேட்டு வந்தபோது அவளுக்கு இருபத்திச் சொச்சம். “டூ அர்லி” என்று அனுப்பிவிட்டார். அடுத்து ஒரு டிராயிங் மாஸ்டர் வந்தார். நல்ல மனிதர். அவளுடைய கையெழுத்தைப் பார்த்து அசந்துபோய், அதையே பேசிக்கொண்டிருந்தார். அவளுக்கும் அவரைப் பிடித்திருந்தது. அண்ணன் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, “நாட் த ரைட் டைம், சார். லெட் அஸ் நாட் ரஷ்” என்றார். அதற்குப் பிறகு அப்பா படுக்கையில் விழுந்தார். அப்போது “ராங் டைம்.” அப்பா போய்ச் சேர்ந்ததும் அண்ணனுக்கு அடுத்தடுத்து இரண்டு குழந்தைகள். அண்ணியும் வேலைக்குப் போகிறவள். குழந்தைகளுக்குத் தலை சீவுவது, சோறு ஊட்டுவது, பாடம் சொல்லித் தருவது எல்லாம் அத்தை. அப்போது “வெயிட் ஃபார் த ரைட் டைம், பாப்பா. என்ன அவசரம்?”

அப்படி அவசரம் என்ன என்று கேட்ட அதே வாய், கொஞ்ச நாளிலேயே வேறு பாட்டுப் பாடிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் வரன் ஒன்று இருப்பதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். அவள் உள்ளே அண்ணன் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் பெருமூச்சு விட்டபடி சொன்னது உள்ளே நன்றாகக் கேட்டது: “இனிமே எங்க சார்? ஷி மிஸ்ட் த பஸ்.”

எழுத்தக்கா பின்னலை முடித்து ரிப்பன் கட்டினாள். குழந்தை வலிக்கிறது என்று கத்தியது. கொஞ்சம் இறுக்கிக் கட்டிவிட்டாள் போலிருக்கிறது. அன்றைக்கு அவள் மனசில் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்தது, அப்புறம் எழுந்து போகவே இல்லை.

மாப்பிள்ளை ஓவன் மெக்கானிக். அந்தக் கடையின் பெரிய ஓவன் அடிக்கடி மக்கர் பண்ணும். அவர் வந்து அதன் வயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடப்பார். வருஷக்கணக்காக அவர்களுக்குள் ஓவனைப் பற்றித்தான் பேச்சு. ஒருநாள் தலையை உள்ளே விட்டபடியே கேட்டார்: “உங்களைக் கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். உங்களுக்கு எப்படி?” குரல் ஓவனுக்குள்ளிருந்து கணகணவென்று எதிரொலித்தது.

“தலையை வெளில எடுத்துட்டுக் கேளுங்க.”

எடுத்தார். மூக்கு, கன்னமெல்லாம் கரி. மறுபடி கேட்டார். அவள் “சரி” என்றாள்.

அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. “யோசிக்க வேண்டாமா?”

“இத்தனை வருஷமா வேற என்ன பண்ணிட்டிருந்தேன்?”

மாப்பிள்ளை அவளைவிட இரண்டு வயது மூத்தவர். அவருக்கும் இதுதான் முதல் கல்யாணம். ஆனால் அவரைப் பார்த்து யாரும் பஸ் போய்விட்டது என்று சொல்லவில்லை. “பரவாயில்லையே, ஒருவழியா செட்டில் ஆயிட்டீங்க” என்று கையைக் குலுக்கினார்கள். லேட் என்ற வார்த்தை முழுக்க முழுக்க அவளுக்கே ஒதுக்கப்பட்டிருந்தது.

விஷயத்தைச் சொன்னபோது அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. அவர் விசில் ஊதாமல் அந்த வீட்டிலிருந்து ஒரு வண்டி கிளம்பியதே இல்லை. ரெண்டு நாள் உர்ரென்று இருந்தார். மூன்றாம் நாள் சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்புதான் அவளுக்குத் தாங்கவில்லை. பத்திரிகை கொடுக்கப் போகிற இடத்திலெல்லாம், “நம்ம வீட்டு வண்டி லேட் ரன்னிங்தான், ஆனா எப்படியோ டெர்மினஸ் வந்துடுச்சு” என்பார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். இப்போது அந்தச் சிரிப்பை அவள் கையாலேயே, பின் வரிசைக்குத் தெரிகிற மாதிரி எழுதச் சொல்லிவிட்டார். எழுதிவிட்டால் அவ்வளவுதான். இனி காலம் முழுக்க அவள் கதவு சாத்துகிற நேரத்தில் ஓடி வந்து தொத்திக்கொண்டவள். போட்டோவிலும் அப்படித்தான் இருப்பாள்.

கல்யாணத்தன்று காலையில் ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்து. சாயங்காலம் டிப்போ ஊழியர் சங்கத்து ஹாலில் டீயும் கேக்கும். அண்ணன்தான் ஹாலை ஏற்பாடு செய்திருந்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு எழுத்தக்கா புடவையோடு நேராகக் கடைக்குத்தான் வந்தாள். முன்தினமே செய்து வைத்த கேக்கைச் சுழல் பலகையில் ஏற்றி, வெள்ளைக் கிரீமைப் பூசி, கத்தியால் வழித்து வழித்துச் சுவர் மாதிரி ஆக்கினாள். எழுத்து எப்போதும் கடைசியில்தான். கோனை நிரப்பிக்கொண்டு, வழக்கம்போல முதலில் ஒரு பட்டர் பேப்பரில் அந்த வரியை எழுதிப் பார்த்தாள். ‘ஃபைனலி! அட் தி லெவன்த் ஹவர்!’ அவள் கையில் அது ரொம்ப அழகாக வந்திருந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது. பேப்பரைக் கசக்கித் தொட்டியில் போட்டாள்.

“அக்கா, எழுத்து?” என்றாள் ஆர்டர் பெண்.

“எழுதல.”

முதலாளி எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது? ஆர்டர் ஆர்டர்தான். உங்க அண்ணன் வந்து எழுத்து எங்கன்னு கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

“தூர இடத்துக்குப் போற கேக்குக்கு அங்க போய் எழுதறதில்லையா முதலாளி? இதுக்கும் அங்க போய் எழுதறோம். வார்த்தை அவரோடதுதானே, நான் நடுவுல நுழையல.”

முதலாளிக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. முன்பக்கம் போய்விட்டார். எழுத்தக்கா மூன்று கோன்களை நிரப்பி, நுனியை மடித்து, ஒரு டிஃபன் டப்பாவில் அடுக்கினாள். பக்கத்தில் ஒரு கத்தரிக்கோலும் ஒரு சின்னக் கத்தியும்.

மாப்பிள்ளை வேனில் வந்தார். புதுச் சட்டையில் ஆள் அடையாளமே தெரியவில்லை. மொட்டையாக இருந்த கேக்கைப் பார்த்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அண்ணன் சொன்ன வரி அவருக்கும் தெரியும். “நான் வேணா ஒரு வார்த்தை பேசட்டுமா அவர்கிட்ட?”

“வேண்டாம். இது நான் கேக்க வேண்டியது. நீங்க கேக்கைக் கவிழ்க்காம ஓட்டுங்க, அது போதும்.”

ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. முன் வரிசையில் உறவுக்காரர்களும் கடை முதலாளியும், பின்னால் டிரைவர்களும் கண்டக்டர்களும். அண்ணன் கையால் லேட் என்று எழுதப்படாத டிரைவர் அதில் ஒருவர்கூட இல்லை. அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். டிப்போவில் தினமும் பிடிக்கிற மைக் போதாத மாதிரி, வேறு எங்கே மைக்கைக் கண்டாலும் விட மாட்டார். வந்தவர்களை வரவேற்றார், டீ லேட்டானதற்கு டீக்காரரைக் கிண்டல் பண்ணினார், அப்புறம் கேக் பெட்டிப் பக்கம் கையை நீட்டினார்.

“இப்போ ஒரு ஸ்பெஷல் ஐட்டம். வரி என்னோடது, கை என் தங்கச்சியோடது. நல்லாப் படிச்சுட்டுச் சிரிங்க!”

மூடியைத் தூக்கினார். உள்ளே வெறும் வெள்ளை. அண்ணன் மூடியின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார், எழுத்து அங்கே ஒட்டிக்கொண்டதோ என்று. பின் வரிசையில் ஒரு கண்டக்டர் சத்தம் போட்டுச் சிரித்தான்.

“என்ன பாப்பா இது? எழுத்து எங்க?”

எழுத்தக்கா டிஃபன் டப்பாவைத் திறந்து ஒரு கோனை எடுத்தாள். நுனியைக் கத்தரித்தாள். அண்ணன் கையிலிருந்த மைக்கை வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, அந்தக் கையில் கோனை வைத்தாள்.

“உங்க வார்த்தைண்ணா. நீங்களே எழுதுங்க.”

“எனக்கு எங்க இதெல்லாம் வரும்?”

“எனக்கும் இது வரலண்ணா. பிலேட்டட் எழுதினேன், ஃபைனலி எழுதினேன், ஊர்ல உள்ளவங்க மறதிக்கெல்லாம் நான்தான் எழுதினேன். இதை மட்டும் கை எழுத மாட்டேங்குது. எழுதுங்க, பின் வரிசைக்குத் தெரியற மாதிரி.”

ஹால் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. விட்டுக்கொடுக்க அண்ணனுக்கு மனசில்லை. சிரித்துக்கொண்டே குனிந்து கோனை அழுத்தினார். எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியாததால் சாக்லேட் பொத்தென்று ஒரு கட்டியாக விழுந்தது. மறுபடி சிரிப்பு. இந்தத் தடவை யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கே தெரிந்தது.

“சரி விடு பாப்பா, சும்மா தமாஷுக்குச் சொன்னேன்.”

“விட மாட்டேன்ணா.” அவள் குரல் இறங்கவில்லை. “ஒரே ஒரு கேள்வி. அதுக்கு பதில் சொல்லிடுங்க, நீங்க சொன்ன வரியை இப்பவே நானே எழுதறேன். பூ வேலையெல்லாம் போட்டு எழுதறேன். கேக்கட்டுமா?”

“கேளு.”

“உங்க டிப்போவுல ஒரு வண்டி கிளம்பத் தயாரா நிக்குது. நீங்க, இன்னும் நேரம் ஆகல, பிஃபோர் டைம்னு நிறுத்தி வெக்கறீங்க. அது பாட்டுக்கு நிக்குது. அப்புறம் பாத்தா, லேட்டுன்னு சொல்றீங்க. அப்ப நடுவுல ரைட் டைம்னு ஒண்ணு வந்துட்டுத்தானே போயிருக்கணும்?”

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு மூத்த டிரைவர் எழுந்துவிட்டார். “வந்துட்டுத்தாம்மா போயிருக்கணும்! ரைட் டைமைத் தொடாம எந்த வண்டியும் லேட்டாக முடியாது. விசில் ஊத வேண்டியவர் ஊதலன்னா அது வண்டியோட தப்பு இல்ல. இதைத்தானே நான் வருஷக்கணக்கா சார்கிட்டக் கத்திட்டிருக்கேன்!”

டிரைவர்கள் பக்கம் கைதட்டல் வெடித்தது. எழுத்தக்கா சிரிக்கவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கு டூ அர்லின்னு சொன்னீங்க. அப்புறம் ராங் டைம்னு சொன்னீங்க. வெயிட் ஃபார் த ரைட் டைம், என்ன அவசரம்னு சொன்னீங்க. அதைச் சொன்ன சூடு ஆறறதுக்குள்ள, மிஸ்ட் த பஸ்னு வாசல்ல நின்னு ஊருக்குச் சொன்னீங்க. நான் உள்ள இருந்து கேட்டேன். நடுவுல ஒரு நாள் வந்து போயிருக்கணுமேண்ணா. ஒரே ஒரு நாளாவது. அது எந்த நாள்?”

கைதட்டல் அடங்கிவிட்டது.

“பாப்பா, எல்லார் முன்னாடியும்...”

“எல்லார் முன்னாடியும்தானே பெருசா எழுதச் சொன்னீங்க? பாப்பா, பாப்பாங்கறீங்க. அப்பவும் பாப்பா, இப்பவும் பாப்பா. பாப்பாவுக்கு எப்படிண்ணா வயசு தாண்டிப் போகும்? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ரைட் டைம் எந்த நாள்?”

அண்ணன் முன் வரிசையில் உட்கார்ந்திருந்த அண்ணியைப் பார்த்தார். எந்தச் சிக்கலிலும் அவர் பார்க்கிற பக்கம் அது. அண்ணி புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னாள்: “என்னைப் பாக்காதீங்க. எனக்கும் தெரியணும். பதில் சொல்லுங்க.”

அண்ணன் கையிலிருந்த கோன் வழிந்து காக்கிச் சட்டைக் கையில் இறங்கியது. கல்யாணத்துக்குக்கூட அதைத்தான் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் அதைக் கவனிக்கவில்லை. பேசியபோது மைக் குரல் போய்விட்டிருந்தது, ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட வரவில்லை.

“வந்துச்சு பாப்பா. அந்த டிராயிங் மாஸ்டர் வந்தானே, அன்னிக்கே வந்துச்சு. நல்ல பையன். உனக்குப் புடிச்சிருந்ததும் தெரியும். எனக்குத்தான் அனுப்ப மனசு வரல. அப்பாவுக்கு முடியாம ஆயிட்டிருந்தது. நீ போயிட்டா வீடு ஓடாதுன்னு பயந்துட்டேன். அப்புறம் பசங்க... அப்புறம் பழகிடுச்சு.”

எழுத்தக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அழக் கூடாது என்று நினைத்தாள். அழுகை வந்துவிட்டது, அப்படியே பேசினாள்.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேண்ணா. மனசு வரலன்னு சொல்லியிருந்தா உங்களோட சண்டை போட்டிருப்பேன். கத்தியிருப்பேன், சாப்பிடாம கிடந்திருப்பேன், எதையாவது பண்ணி ஜெயிச்சிருப்பேன். இல்ல, அண்ணன் பாவம்னு நானே வீட்டுல இருந்திருப்பேன். அதுவாவது நானா இருந்ததா இருக்கும். நீங்க நேரம் சரியில்லன்னு சொன்னீங்க. நேரத்தோட போய் நான் எப்படிண்ணா சண்டை போடறது?”

அண்ணன் தலையைத் தூக்கவில்லை. மன்னிச்சுடு என்று முனகின மாதிரி இருந்தது. அவளுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அன்றைக்கே, அங்கேயே மன்னிக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை. அதற்கு அவளாக ஒரு நாள் பார்த்துக்கொள்வாள். இனிமேல் நாள் பார்க்கிற வேலை அவளுடையது.

அண்ணன் கையிலிருந்த கோனை வாங்கித் தட்டில் போட்டாள். சின்னக் கத்தியை எடுத்து, அவர் போட்ட சாக்லேட் கட்டியை வழித்தாள். அந்த இடத்தில் வெள்ளையை மெழுகினாள். டப்பாவிலிருந்து புதுக் கோன் ஒன்றை எடுத்து நுனியைக் கத்தரித்தாள். முதலாளி முன் வரிசையில் கழுத்தை நீட்டி, “என்னம்மா எழுதப் போற?” என்றார்.

“இது என் ஆர்டர் முதலாளி. வார்த்தையும் என்னோடதுதான்.”

புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். முதலில் தன் பேரை எழுத ஆரம்பித்தாள். தமிழில். கடையில் யாரும் தமிழில் கேட்பதில்லை, அதனால் கை முதல் எழுத்தில் கொஞ்சம் தயங்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. அதற்குக் கீழே மாப்பிள்ளையின் பேர் வரும். அவ்வளவுதான். ஃபைனலியும் இல்லை, அட் லாங் லாஸ்ட்டும் இல்லை, ரைட் டைம்கூட இல்லை. மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்று, மின்விசிறிக் காற்று கேக் மேல் படாமல் கையால் மறைத்துக்கொண்டார்.

ஹால் வாட்ச்மேன் வாசலில் வந்து நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். அண்ணனுடைய தலை தானாகவே சுவர்க் கடிகாரத்தின் பக்கம் திரும்பியது. எத்தனை வருஷத்துப் பழக்கம். மெல்ல, பயந்த மாதிரி சொன்னார்: “பாப்பா... நேரமாச்சும்மா. கொஞ்சம் சீக்கிரம்...”

எழுத்தக்கா தலையை நிமிர்த்தவில்லை. தன் பேரின் கடைசி எழுத்துக்குச் சுழி போட்டுக்கொண்டிருந்தாள். அதை முடித்து, நுனியை விரலால் துடைத்து, இன்னும் நிதானமாக அடுத்த பேரை ஆரம்பித்தாள்.

“உக்காருங்கண்ணா,” என்றாள். “எனக்கு நிறைய நேரம் இருக்கு.”